கோபேயில் வேலை கிடைத்திருக்கிறது. டோக்கியோவை விட்டுவிட்டு அந்தச் சின்ன ஊருக்குப் போனால் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் போய்விடுமா?

"அந்தச் சின்ன ஊர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். கோபேயில் ஏழு வருஷம் இருந்தவன் நான். கப்பல் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் வேலை. அதற்கு முன்னால் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்தேன்.

உங்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கலாம். டோக்கியோவில் நண்பர்கள் இருப்பார்கள், தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும், கோபேயில் தனியாகக் கிடக்க வேண்டுமே என்ற பயம் இருக்கும். நியாயமான பயம்தான். ஆனால் கோபேயில் 15 லட்சம் பேர் இருக்கிறார்கள். ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஒசாகா. டோக்கியோ மட்டம் என்று நான் சொல்லவில்லை. சம்பளமும் அடுத்த வேலையும் அங்கேதான் அதிகம், அதை மறுக்க முடியாது. உலகத் தொடர்பு என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கோபே துறைமுகம் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறக்கப்பட்டது 1868 ஜனவரி 1-ஆம் தேதி. இருபத்தைந்து வருஷம் கழித்து, 1893-இல், விவேகானந்தர் சிகாகோ போகும் வழியில் கோபேயில்தான் கப்பலை விட்டு இறங்கினார். ஜப்பானின் உள்பகுதியைப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்து தரைவழியாக யோகோஹாமா போனார். ஜூலை 10-ஆம் தேதி யோகோஹாமாவிலிருந்து சென்னையில் இருந்த அளசிங்கப் பெருமாளுக்கும் மற்ற நண்பர்களுக்கும் எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். அதே வருஷம் நவம்பரில் நிப்பான் யூசென் என்ற ஜப்பான் கப்பல் கம்பெனி டாடாவோடு சேர்ந்து பம்பாய்க்குக் கப்பல் விட ஆரம்பித்தது. ஜப்பானின் முதல் தொலைதூரக் கப்பல் தடம் அதுதான். நம் பருத்தி அந்த வழியாகப் போய் அவர்களுடைய நூற்பாலைகளில் நூலானது.

1908-இல் 781 ஜப்பானியர்கள் கசாட்டோ மாரு என்ற கப்பலில் பிரேசிலுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார்கள். புறப்பட்ட இடம் கோபே. அதற்குப் பிறகு அப்படிப் போனவர்கள் தங்குவதற்காக 1928-இல் கட்டிய கட்டடம் மேட்டுத் தெருவில் இன்னும் நிற்கிறது. அங்கே சில நாள் தங்கி, தடுப்பூசி போட்டுக்கொண்டு, நாலு வார்த்தை போர்த்துகீஸ் கற்றுக்கொண்டு, அப்படியே இறங்கிப்போய்க் கப்பல் ஏறியிருக்கிறார்கள். பிழைப்புக்குக் கடல் கடந்தவன் யாராக இருந்தாலும் அந்தக் கட்டடத்தை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. என் தாத்தா முத்துக் குளித்தவர். 1961-இல் நடந்த கடைசிச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், அவர் இறங்கியிருக்கிறார். அதற்கப்புறம் சங்கு குளிக்கப் போனார், காது கேட்காமல் போனது. திண்ணையில் உட்கார்ந்து அவர் அடிக்கடி சொல்வது: "ஜப்பான்காரன் சிப்பிக்குள்ளே ஊசி போட்டான், நம்ம பொழப்பு போச்சு." எங்கள் வீட்டில் "ஜப்பான் முத்து" என்றால் போலி என்று அர்த்தம். பகட்டான ஆள் யாரையாவது பார்த்தால் அம்மா அந்தப் பெயரைத்தான் சொல்வாள்.

கோபேக்குப் போன மூன்றாவது வருஷம், ஆபீஸில் இருந்த குஜராத்தி நண்பர் ஒரு சனிக்கிழமை என்னைக் கிதானோவுக்குக் கூட்டிப்போனார். மலையடிவாரத்தில், பழைய வெளிநாட்டு வியாபாரிகளின் வீடுகள் இருக்கும் பகுதி அது. 1923 நிலநடுக்கத்தில் யோகோஹாமா அழிந்தபோது அங்கிருந்த இந்திய வியாபாரிகள் பலர் கோபேக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பகுதியிலேயே 1935-இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. ஜப்பானின் முதல் பள்ளிவாசல், இந்திய வியாபாரிகளின் பணமும் அதில் உண்டு. கொஞ்ச தூரத்தில் சமணக் கோயில். நண்பருடைய மாமா அங்கே முத்து வியாபாரம் செய்கிறார்.

அவருடைய அறையில் வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். அதன் அடியில் நீள மேஜை, வெள்ளைத் துணி, அதன்மேல் முத்துக் குவியல்கள். விளக்கு போடவில்லை. கோபேக்கு வடக்கே ரொக்கோ மலை இருக்கிறது. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் சீராக வரும், முத்தின் நிறத்தைத் தரம் பிரிக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது என்றார் பெரியவர். மியே, எஹிமே, நாகசாகி கடல்களில் விளையும் முத்தில் பெரும்பங்கு கோபேக்கு வந்து, தரம் பிரித்து, துளையிட்டு, கோத்து உலகத்துக்குப் போவதற்கு இந்த வெளிச்சமும் அந்தத் துறைமுகமும்தான் காரணமாம்.

எந்த ஊர் என்று கேட்டார். வழக்கம்போல "மெட்ராஸ் பக்கம்" என்றேன். பக்கம் என்றால் எங்கே என்றார். "டூட்டிகோரின்."

கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். பம்பாயில் அவருடைய அப்பா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த, முத்துக்குப் பேர்போன ஊர்ப் பெயர்களாம்: பாஸ்ரா, டூட்டிகோரின். ஜப்பானில் இத்தனை வருஷத்தில் என் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒருவர் நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். தாத்தா சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஒரு தட்டு முத்தை என் பக்கம் நகர்த்தி, "உங்கள் கடலில் இருந்ததும் இதே சிப்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன், உண்மைதான். அகோயா என்ற ஜப்பான் முத்துச்சிப்பியும் நம் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பியும் பிங்க்டாடா ஃபுகாட்டா என்ற ஒரே இனம். சிப்பிக்குள் முத்து வளர்க்கும் தொழிலைத் தொடங்கிய ஜப்பான்காரர் மிகிமோட்டோ முதன்முதலில் முத்தை வளர்த்தெடுத்தது 1893 ஜூலையில், விவேகானந்தர் அந்தக் கடிதத்தை எழுதிய அதே மாதம். வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து 1930 வாக்கில் இயற்கை முத்தின் விலை விழுந்தது, பாரசீக வளைகுடாவில் ஊர் ஊராகப் பட்டினி கிடந்தார்கள். நம் பாரில், அதாவது கடலடியில் சிப்பி விளையும் திட்டில், சிப்பி இல்லாமல் போனதற்கு ஜப்பான் காரணமில்லை. பார் பல வருஷம் வெறுமையாகக் கிடப்பது பழைய காலத்திலும் உண்டு. இதை எழுதினால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். விலை போனதற்கு ஜப்பான் காரணம், சிப்பி போனதற்கு இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1973-இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்துக் காட்டினார்கள். அது ஏன் ஊருக்குத் தொழிலாக வளரவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கேள்வி.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கடலையே நம்பியிருந்த எங்கள் பையன்கள் இன்று கப்பல் வேலை என்று ஏஜென்ட்களிடம் ஏமாறுகிறார்கள். என் அண்ணன் மகன் 4 லட்சம் கொடுத்துவிட்டு ஒரு ஹோட்டல் அறையில் இரண்டு மாதம் காத்திருந்தான். கப்பல் வரவே இல்லை, அந்த ஆபீஸும் காணாமல் போய்விட்டது. முறையான கம்பெனி உங்களிடம் வேலைக்குப் பணம் கேட்காது. இதைப் படிக்கும் யாருக்காவது தம்பி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

யோகோஹாமாவும் துறைமுகம்தானே என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள். தெரியும். 1923 நிலநடுக்கத்தில் கிடைத்த உதவிக்கு நன்றியாக இந்தியர்கள் அங்கே யமஷிதா பூங்காவில் கட்டிய நீர்க்கூடத்தையும் பார்த்திருக்கிறேன். கோபே வீழ்ந்துவிட்டது என்பீர்கள், அதிலும் உண்மை இருக்கிறது. 1995 ஜனவரி 17 காலை 5:46-க்கு வந்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். அதற்கு முன் உலகின் முதல் பத்து கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது கோபே. பழுது பார்த்து முடிப்பதற்குள் சரக்கு தென்கொரியாவின் பூசானுக்கும் மற்ற துறைமுகங்களுக்கும் போய்விட்டது, போனதில் பெரும்பகுதி திரும்பவில்லை. மெரிக்கன் பூங்காவில் உடைந்த கரையில் 60 மீட்டரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். விளக்குக் கம்பங்கள் சாய்ந்தபடி தண்ணீருக்குள் நிற்கும்.

போவதென்று முடிவு செய்தால், கோபேயின் மையப் பகுதியான சன்னோமியாவுக்கு வடக்கே வீடு பாருங்கள். கோபேயில் யாரும் வடக்கு, தெற்கு என்று வழி சொல்வதில்லை. யமகவா என்றால் மலைப்பக்கம், உமிகவா என்றால் கடல்பக்கம், இந்த இரண்டும் போதும். வாடகைக்கு வெளிநாட்டவர் வேண்டாம் என்று நாலைந்து பேர் சொல்வார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரி 17 விடிகாலையில், நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்த ஊர் கூடும் ஹிகாஷி யூயென்ச்சி பூங்காவுக்குப் போங்கள், சன்னோமியா பக்கத்தில்தான் இருக்கிறது. கடுங்குளிராக இருக்கும், கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.