பழைய கேஸ் கிரில்லில் கசிவு: ஹோஸை மாற்றினால் போதுமா?

கேள்வி: எங்கள் புரொப்பேன் கிரில் பல வருடங்களாக வெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. சிலிண்டரைத் திறந்ததும், பர்னர் நாப்கள் எல்லாம் மூடியிருக்கும்போதே லேசாக கேஸ் வாடை வருகிறது. ஹோஸும் ரெகுலேட்டரும் சேர்ந்த செட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, அல்லது கிரில்லையே தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கசிவு எந்த இடத்தில் என்று தெரியாமல் வாங்கினால், புது ஹோஸ் போட்ட பிறகும் அதே வாடை வரக்கூடும். கண்டுபிடிக்கும் வரை அந்த கிரில்லைப் பற்ற வைக்கவும் கூடாது.

பாத்திரம் கழுவும் சோப்பு திரவமும் தண்ணீரும் சம பங்கு கலந்து, ஒரு சின்ன பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம். அது பித்தளையில் விரிசல் உண்டாக்கும். கிரில் திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இல்லாமல் இருக்க வேண்டும். நாப்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். சிலிண்டர் வால்வை மெதுவாக ஒரு சுற்று திறந்து, சிலிண்டரில் தொடங்கி பர்னர் வால்வுகள் வரை ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவுங்கள். சில கசிவுகளில் குமிழி மிக மெதுவாகத்தான் வளரும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடமாவது நின்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடட்டும். மூக்கை மட்டும் நம்புவதும் போதாது. கொஞ்ச நேரத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும்.

சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் குமிழி வந்தால், பெரும்பாலும் அங்கிருக்கும் ரப்பர் வளையம்தான் காரணம். கையால் திருகும் பெரிய பிளாஸ்டிக் நட் வகையில் அந்த வளையம் சிலிண்டர் வால்வின் வாய்க்குள் இருக்கும். வேறொரு சிலிண்டரை மாட்டிப் பாருங்கள். கசிவு நின்றுவிட்டால் குறை சிலிண்டருடையது. கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது, கை இறுக்கம் போதும். பித்தளை நட் இருக்கும் பழைய வகை இடது மரை. அதை இடப்பக்கமாகத் திருப்பினால்தான் இறுகும்.

ரெகுலேட்டரின் மேல் ஒரு சின்ன துளை இருக்கும். கேஸைத் திறந்த கணத்தில் அங்கே ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் அது இயல்பு. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (வளையும் மெல்லிய ரப்பர் தகடு) நகரும்போது காற்று வெளியே தள்ளப்படுகிறது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. ரெகுலேட்டரை மாற்றுங்கள், ரிப்பேர் செய்யப் பார்க்காதீர்கள். ஹோஸை வளைத்துப் பார்க்கும்போது மேலே வெடிப்புகள் தெரிந்தாலோ, உலோக முனையோடு பிடிக்கும் இடத்தில் நுரை வந்தாலோ ஹோஸும் முடிந்தது. டேப் சுற்றுவதும், வெட்டி கிளாம்ப் போட்டு ஒட்டுவதும் ஆபத்து.

பர்னர் வால்வுகளுக்குக் கேஸைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு குழாயில் ஹோஸ் சேரும் இடம் பல மாடல்களில் ஃப்ளேர் இணைப்பு. கூம்பு வடிவ உலோகம் உலோகத்தோடு அழுந்தித்தான் அது அடைக்கிறது, மரையால் அல்ல. அதனால் அங்கே டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. சுற்றினால் கூம்பு சரியாக உட்காராது, பிய்ந்த டேப் துணுக்கு போய், பர்னருக்குள் கேஸ் பீறிடும் சின்னத் துளை முனையான ஜெட்டையும் அடைக்கும். ஒரு ஸ்பேனரால் மேனிஃபோல்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டை இறுக்குங்கள். ஒரே ஸ்பேனர் என்றால் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

மிச்சம் பர்னர் வால்வுகள். நாப்பைக் கழற்றிவிட்டு, தண்டைச் சுற்றி நுரை தடவுங்கள். இங்கே பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: வால்வு சரியாக மூடாமல், கேஸ் ஜெட் வழியாக பர்னருக்குள் போய்க்கொண்டிருக்கலாம். வெளியே ஓரிடத்திலும் நுரை வராது, வாடை மட்டும் வரும். சிலிண்டரை மூடி, பர்னரைக் கழற்றி, மறுபடி திறந்து ஜெட் முனையில் நுரை வைத்தால் தெரிந்துவிடும். அந்த வால்வை மாற்றத்தான் வேண்டும். புது வால்வின் ஜெட் புரொப்பேனுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். இயற்கை எரிவாயு ஜெட்டின் துளை பெரியது, அதில் புரொப்பேன் விட்டால் தீ கட்டுக்கு மீறி எழும்.

சோதனை முடிந்ததும் நுரையைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் நுரைச் சோதனையைத் திரும்பச் செய்யாமல் பற்ற வைக்காதீர்கள்.

கிரில்லையே மாற்றுவது எப்போது என்றால், மேனிஃபோல்டு குழாய் துருப்பிடித்துக் கசியும்போதும், இரண்டு மூன்று வால்வுகள் சேர்ந்து போய், அந்த மாடலுக்குப் பாகம் கிடைக்காதபோதும்தான். ஹோஸ், ரெகுலேட்டர், ரப்பர் வளையம் இவற்றுக்காக நல்ல கிரில்லை எறிய வேண்டியதில்லை.

கேள்வி: ரெகுலேட்டர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அழுத்தத்தை. கிரில்லின் தகட்டில் எழுதியிருக்கும் அளவும் ரெகுலேட்டரில் எழுதியிருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வட அமெரிக்க கிரில்களில் வழக்கமாக 11 அங்குல நீர் அழுத்தம், அதாவது சுமார் 27 மில்லிபார். மற்ற நாடுகளில் 30, 37, 50 மில்லிபார் என்று மாறும். இவை எதுவும் ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) கூட இல்லை. ஆனால் பெரிய எண்ணெய்ச் சட்டி அடுப்புகளுக்காக 20, 30 பி.எஸ்.ஐ. வரை போகும், கையால் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர்களும் அதே அலமாரியில் கிடக்கும். நட் கச்சிதமாகப் பொருந்திவிடும் என்பதுதான் ஆபத்தே. ஹோஸ் எல்.பி. கேஸுக்கு என்று அச்சிட்டதாகவும், கொழுப்பு வடியும் தட்டையோ சூடான அடிப்பாகத்தையோ தொடாத நீளத்திலும் இருக்கட்டும்.

கேள்வி: புதுசு போட்டதும் கசிவு நின்றது. ஆனால் தீ சின்னதாகத்தான் எரிகிறது. ரெகுலேட்டர் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பிளாஸ்டிக் நட் வகை இணைப்பில், ஹோஸ் அறுந்தால் கேஸைக் குறைக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. நாப் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, வால்வைச் சட்டென்று திருகினாலோ அது கசிவு என்று எடுத்துக்கொண்டு கேஸைக் கட்டுப்படுத்திவிடும். சிலிண்டரை மூடி, நாப்களைத் திறந்து மிச்ச கேஸை வெளியேற விட்டு, நாப்களை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பிறகு சிலிண்டரை மெள்ள மெள்ளத் திறந்து, கிரில் மூடி திறந்திருக்கப் பற்ற வையுங்கள்.

கேள்வி: சிலிண்டர் வால்வை மூடிய பிறகும் கசிந்தால்?

பதில்: வால்வை இறுக்கிப் போராடாதீர்கள். புரொப்பேன் காற்றைவிட சுமார் ஒன்றரை மடங்கு கனம். தரையோடு படர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். சிலிண்டரை வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ கொண்டுபோகாமல், எல்லோரும் தள்ளிப் போய்த் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.