ஜவ்வும் கயிற்றுக் கட்டிலும்

அன்புள்ள சார்,

பாட்டி முட்டி வலியில் படும் பாட்டைப் பார்த்துத்தான் எம்.டெக். புராஜெக்டுக்கு முழங்கால் மாடலை எடுத்தேன். அவர் வயதுக்காரர்களின் மூட்டைக் கணினியில் கட்டுகிறேன். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் ஜவ்வுகளை ஸ்பிரிங்காக வைத்தால் போதுமா, முப்பரிமாணத் திண்மமாக வைக்க வேண்டுமா? எந்த சாஃப்ட்வேர் நல்லது? முழங்காலுக்கு நடுவே இருக்கும் முன் சிலுவை ஜவ்வு (ஏசிஎல்) அறுந்துபோகும் விசையை 2160 நியூட்டன் என்று எடுத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சாஃப்ட்வேரா? கல்லூரியில் எதற்கு லைசென்ஸ் இருக்கிறதோ அதுதான் நல்லது.

அந்த 2160-க்கு வருகிறேன். சாவியோ வூ என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1991-இல் வெளியிட்ட சராசரி அது. 22 முதல் 35 வயதுக்குள் இறந்தவர்களின் மூட்டுகளை இழுத்துப் பார்த்துக் கிடைத்தது. அதே கட்டுரையில் 60 தாண்டியவர்களுக்கு வெறும் 658. பாட்டிக்குப் பேரனின் ஜவ்வை மாட்டிவிட்டிருக்கிறீர்கள்! கட்டுரையை முழுதாகப் படிக்க என்ன கேடு?

சரி, அதைத் திருத்திவிடலாம். என்னை உறுத்துவது வேறு. எங்கள் திண்ணையில் தாத்தாவின் கயிற்றுக் கட்டில் கிடக்கும். தொய்ந்துபோனால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவார், நான் கூடப் பிடிப்பேன். ஒருநாள் ஒரே ஒரு சரத்தை மட்டும் தம் பிடித்து இறுக்கிவிட்டேன். ராத்திரி அவர் படுத்ததும் டப்பென்று அறுந்தது அந்தச் சரம்தான். அத்தனையும் ஒரே கயிறு, ஒரே தடிமன். "தொய்வு பார்த்துக் கட்டணும்டா மடையா" என்றார்.

உங்கள் கடிதத்தில் தொய்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தளர்ந்த ஜவ்வில் கொலாஜன் என்ற புரத இழைகள் நெளிநெளியாகக் கிடக்கும். இழுத்தால் முதலில் நெளிவுதான் நிமிரும், விசை அதிகம் வராது. அப்புறம்தான் விறைக்கும். அதுவும் எல்லாம் சேர்ந்தாற்போல் அல்ல: முன் சிலுவை ஜவ்விலேயே காலை நீட்டினால் ஒரு கற்றை இறுகும், மடக்கினால் இன்னொன்று. எந்த நீளத்தில் தொய்வு தீர்கிறது என்று எம்ஆர்ஐ படம் சொல்லாது. வூ அளந்த இளம் ஜவ்வின் விறைப்பு, அதாவது ஒரு மில்லிமீட்டர் நீட்டத் தேவையான விசை, 242 நியூட்டன். தொய்வில் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், இல்லாத 25 கிலோ எடை வந்து அந்த ஜவ்வில் தொங்கும். ஸ்பிரிங்காக வைத்தாலும் தொங்கும், திண்மமாக வைத்தாலும் தொங்கும்.

தொய்வு நீளத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? யாரோ போட்டதை அப்படியே போட்டிருந்தால், கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் மாடலை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்படியே பாட்டியையும் கேட்டு எழுதுங்கள்: வலி படி ஏறும்போதா, இறங்கும்போதா?