பயணத் திட்டத்தில் இல்லாத விதவை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆலயத்து வாலிபர் குழு வரும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கம்போடியாவுக்கு இரண்டு வார மிஷன் பயணம் போகிறது. அங்கே ஓர் அநாதை இல்லத்திலும் தெருப்பிள்ளைகள் நடுவிலும் ஊழியம். டிக்கெட்டுக்காக எங்கள் சேகரத்துச் சபைகளில் காணிக்கை பிரிக்கிறோம். "இரண்டு வாரத்தில் அங்கே என்ன கிழிக்கப் போகிறாய்?" என்கிறார் என் சித்தப்பா. திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லி யாக்கோபு நிருபத்தில் இருக்கிறதே, போவது தவறா?

வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

விசாரிப்பது தவறில்லை. ஆனால் அந்த வசனத்தை (1:27) முழுதாகப் படியுங்கள். பிள்ளைகளோடு விதவைகளையும் சேர்த்துத்தான் விசாரிக்கச் சொல்கிறது. உங்கள் திட்டத்தில் பிள்ளை இருக்கிறது, பெற்றவளைக் காணோம். எனக்கு உறுத்துவது அதுதான்.

கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் குழந்தை இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அந்நாட்டு அரசும் யூனிசெஃபும் ஆராய்ந்து 2011-ல் சொன்னபடி, அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட போல் பாட் ஆட்சி 1979-லேயே விழுந்துவிட்டது. இந்த ஐந்தாண்டில் திடீரென்று அநாதைகள் பெருக முகாந்திரம் இல்லை. பெருகியவர்கள் விருந்தினர்கள். பிள்ளைகளைக் காட்டினால் பணம் வரும் என்றானபின், சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாத தாயிடம் பேசிக் கூட்டிவர ஆட்கள் கிளம்பினார்கள்.

நம் பக்கத்திலும் 2014 மே மாதம், கேரள இல்லங்களுக்காக வட மாநிலங்களிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பாலக்காடு ரயில் நிலையத்தில் போலீஸார் நிறுத்தி விசாரித்தார்கள். பலரைப் பெற்றோர்தான் படிப்புக்காக அனுப்பியிருந்தார்கள்.

பாறசாலைக்கு அப்பால் ஓர் இல்லத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். வெளிநாட்டு விருந்தினர் வேன் வந்து நின்றதும் பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினார்கள். நான்கு வயதிருக்கும் ஒரு சிறுமி, முன்பின் பார்த்திராத அம்மையாரின் இடுப்பில் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். என்ன பாசம் என்று எல்லோரும் உருகினார்கள். நம் வீட்டுப் பிள்ளை அந்நியரைக் கண்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் அல்லவா ஒளியும்? யாரிடமும் ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒட்டிக்கொள்ள ஆள் கிடைக்காத பிள்ளையிடம் தெரியும் அறிகுறி. வேன் போனபின் புதுப் பொம்மைகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார் வார்டன். அடுத்த குழுவுக்கு வேண்டுமாம்!

வெளிநாட்டார் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வள்ளியூர் தாண்டி டோனாவூருக்குப் போய்ப் பாருங்கள். 1895-ல் இந்தியாவுக்கு வந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1901 முதல் அங்கே பிள்ளைகளை வளர்த்தார். தமிழ் படித்தார், சேலை உடுத்தினார். 1951-ல் இறக்கும்வரை சொந்த நாடு திரும்பவில்லை. கடைசி இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையில்தான். உங்களால் அப்படித் தங்க முடியாது, தங்கவும் வேண்டாம். தங்குகிறவர்களுக்கு உதவுங்கள். குமரி மாவட்டத்துக் குழுவில் நர்ஸ் இல்லாமலா இருப்பார்? கம்போடிய இல்லத்துப் பணியாளர்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுக்கட்டும். மற்றவர்கள் கூரையைச் செப்பனிடலாம். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிப் படமெடுப்பது மட்டும் வேண்டாம். தெருவில் பொருள் விற்கும் பிள்ளையிடம் இரக்கப்பட்டு வாங்கினால், நாளைக்கும் அது பள்ளிக்குப் போகாது. தெருப்பிள்ளைகள் ஊழியத்தை அந்த மொழி பேசுகிற உள்ளூர்க்காரர்களிடம் விடுங்கள்.

டிக்கெட் எடுக்குமுன் இல்லத்துக்கு எழுதுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் உண்டு, சென்ற ஆண்டு எத்தனை பேரை வீட்டில் சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் போகாதீர்கள். உங்கள் சேகரத்திலேயே அண்டியாபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கொட்டை தல்லிப் பிழைக்கும் விதவை எவளாவது பிள்ளையை விடுதியில் விட யோசிக்கிறாளா என்று போதகரிடம் விசாரியுங்கள். இருந்தால் அந்தக் காணிக்கையை அவளுக்குக் கொடுங்கள்.

இல்லத்திலிருந்து பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.