நாம்பனுக்கு மூக்குக் குத்துமுன் மூக்கைத் தொடப் பழக்குங்கள்

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். காட்டுப் பட்டியில் வளர்ந்த ஒன்றேகால் வயது நாம்பன் (இளங்காளை) ஒன்றை வாங்கியிருக்கிறாராம். வண்டிக்குப் பழக்க வேண்டும், அதற்கு முன் மூக்கைக் குத்தி நாணயக்கயிறு போட வேண்டும். தலைப்பக்கம் கை போனாலே துள்ளுகிறது. அயலவர்கள், நாலு பேர் சேர்ந்து விழுத்திப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்தச் சொல்கிறார்கள். இன்னொருவர், தானே ஊசி போட்டு மயக்கிக் குத்தித் தருவதாகக் காசு பேசியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேரையும் கேட்க வேண்டாம். அந்த ஊசிக்காரரைப் படலையோடு அனுப்பிவிடுங்கள். மாட்டை மயக்க வழக்கமாகப் போடும் மருந்து சைலசீன். குதிரைக்குப் போடும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். அவ்வளவு பொல்லாத மருந்து. அதைக் கண்மதிப்பில் இழுத்துக் குத்துகிறவரிடம் மாட்டைக் கொடுப்பதா? அளவு மிஞ்சினால் மாடு சரிந்து விழும், வயிறு ஊதும், இரைப்பையில் கிடக்கும் தீனும் தண்ணீரும் தொண்டைக்கு ஏறிச் சுவாசப்பைக்குள் போகும். இரண்டு நாள் கழித்து மாடு செத்தால், "அதுக்கு முந்தியே வருத்தம் இருந்திருக்கு" என்பார். காசு திரும்பி வராது.

சரி, உங்கள் நாம்பனுக்கு வருவோம். அது முரடு இல்லை, பயம். மாட்டின் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிவர எல்லாம் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆகவே பின்னாலிருந்தும் போகாதீர்கள், கண்ணுக்கு நேராக முறைத்துக்கொண்டும் போகாதீர்கள். தோள்பட்டைப் பக்கமாக, வாயால் ஏதாவது சொல்லிக்கொண்டு போங்கள். முதல் சில நாள் தவிட்டுச் சட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் போதும். பிறகு தலைக்கயிறு. அதற்கப்புறம் தோளில் கை, கழுத்தில் கை, தாடையில் கை என்று மேலே போகலாம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், காலையும் மாலையும். அதற்கு மேல் இழுத்தால் இரண்டு பேருக்கும் எரிச்சல்தான் வரும்.

இதில் முக்கியமான இடம் கையை எப்போது எடுப்பது என்பது. மாடு தலையை உதறியவுடன் கையை எடுத்தால், உதறினால் கை போய்விடும் என்று அது படித்துக்கொள்ளும். உதறும்போது கை அப்படியே இருக்கட்டும். ஒரு கணம் அசையாமல் நின்றதும் எடுங்கள், உள்ளங்கையில் கொஞ்சம் உப்பை நக்கக் கொடுங்கள். இப்படியே மூக்கு வரைக்கும் வரலாம். கடைசியில் கட்டைவிரலை ஒரு துவாரத்திலும் சுட்டுவிரலை மற்றதிலும் விட்டு மெல்ல நசித்துப் பாருங்கள். உள்ளே தடித்த குருத்தெலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்று முன்னால், மெல்லிய தோல் மாதிரி ஒரு இடம் விரல்கள் ஒன்றையொன்று உணருமளவுக்கு இளகியிருக்கும். குத்த வேண்டிய இடம் அதுதான். குருத்தெலும்பில் குத்தினால் ஆறாமல் சீழ் கட்டும். மிக முன்னால் குத்தினால் முதல் இழுவையிலேயே மூக்கு கிழியும். அந்த இடத்தை நசிக்கவிட்டு மாடு நின்றால் பாதி வேலை முடிந்தது.

ஒரேயொரு வகை மாட்டுக்கு இந்த முறை சரிவராது. தாய் செத்துப்போய் வீட்டில் போத்தல் பால் கொடுத்து வளர்த்த கன்று. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இதைத்தான் சுலபம் என்று நினைக்கிறார்கள். அதற்கு மனிதர் மீது பயமே இல்லை. கன்றாக இருக்கும்போது தலையால் முட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். வயது வந்து கொம்பு முளைத்த பிறகும் அது அதே விளையாட்டைத்தான் விளையாடும். ஆனால் அதன் எடை இப்போது வேறு. மனிதரையும் தன் இனத்தில் ஒன்றாக எண்ணி மல்லுக்கு நிற்கும். காளைகள் முட்டி ஆட்கள் காயப்படும் சம்பவங்களில் இப்படிக் கைவளர்ப்பான காளைகள்தான் மோசம். அதைத் தடவித் தடவிப் பழக்கினால் இன்னும் நெருங்கும். அதற்குத் தேவை தூரம்: சட்டியை வைத்துவிட்டு விலகுங்கள், அது உங்கள் மேல் சாயவந்தால் கையை விரித்து அதட்டிப் பின்னால் போக வையுங்கள், தனியாக அதன் கொட்டிலுக்குள் போகாதீர்கள். உங்களுடையது பட்டி மாடு, ஆகவே இது உங்களுக்கில்லை. ஆனால் அயலில் யாராவது அப்படி ஒன்றை வளர்த்தால் சொல்லிவிடுங்கள்.

குத்துவதை அரச மிருக வைத்தியரைக் கொண்டு, மரக்கூட்டுக்குள் நிற்கவைத்து, அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்துதான் செய்விக்க வேண்டும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. வன்னியில் ஒரு மிருக வைத்தியரின் பிரிவு என்றால் காடு, குளம், வயல் என்று எங்கே முடிகிறது என்று தெரியாத பரப்பு. கந்தோருக்குப் போனால் வைத்தியர் கூட்டத்தில் இருப்பார், வாகனம் நின்றால் டீசல் இருக்காது, டீசல் இருந்தால் படிவம் முடிந்திருக்கும். ஊசிக்காரரை வளர்த்துவிட்டது இந்த வெற்றிடம்தான். வைத்தியர்களைக் குறை சொல்லவில்லை. ஆளை நியமிக்காமல் சுற்றறிக்கை அனுப்புகிறவர்களைச் சொல்கிறேன். எப்படியும் கேளுங்கள், பெயரைப் பதியுங்கள், இரண்டு மூன்று முறை ஞாபகப்படுத்துங்கள். பழக்குவதற்கு எப்படியும் சில கிழமை வேண்டும், அந்தக் காலத்தில் திகதி கிடைத்துவிடும்.

மாரி மழையில் குத்தாதீர்கள். ஈரத்தில் புண் ஆறாது, இலையான் மொய்த்துப் புழு வைக்கும். மாசி, பங்குனி நல்லது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசியை மறக்காமல் கேளுங்கள். அயலில் கால்-வாய் நோயோ, 2020இல் வடக்கில் தலைகாட்டிய தோல் கழலை நோயோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். வேறு மாட்டுக்குப் பாவித்த ஊசி, கம்பி எதையும் உங்கள் மாட்டில் பட விடாதீர்கள்.

இன்னொன்று, மாட்டுத் தரகர். நீங்கள் பழக்கப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "இது வண்டிக்குச் சரிவராது, இறைச்சி விலைக்குத் தாங்கோ" என்று வருவார். கொடுத்தீர்களானால் பச்சைப் புண்ணோடு ஒரு கயிற்றைப் போட்டு, பழக்கிய மாடு என்று அடுத்த ஊரில் விற்பார். நீங்கள் வாங்கியபோது மாட்டின் மேலுள்ள குறியும் மாட்டு உறுதிச்சீட்டும் சரியாக ஒத்துப்போனதா என்று இன்றைக்கே பாருங்கள். "சீட்டு பிறகு தாறன்" என்று சொல்லி விற்றிருந்தால், மூக்குக் குத்துவதை விட்டுவிட்டு முதலில் அந்த ஆளைத் தேடுங்கள். வழியில் பொலிஸ் மறித்தால் கள்ள மாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

குத்திய பிறகு பருத்திக் கயிறு போடுங்கள், நைலோன் அறுக்கும். தினமும் உப்புத் தண்ணீரால் கழுவி, சுற்றிவர வேப்பெண்ணெய் பூசுங்கள். மூன்று கிழமைக்கு அந்தக் கயிற்றில் இழுக்கவே கூடாது, தலைக்கயிற்றாலேயே நடத்துங்கள். கயிறு ஊறி நாறினால் மாற்ற வேண்டும்: பழைய கயிற்றின் நுனியோடு புதியதைத் தைத்து, எண்ணெய் தடவி மெல்ல இழுங்கள். துவாரத்தைத் தேடிக் குடைய வேண்டி வராது.