போர்வெல் இருக்கா, பைப் இருக்கா?

கேள்வி: ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான பாலக்கோட்டுக்கே போய்விடலாம் என்றிருக்கிறேன். வசதிகள் எப்படி? – ஒரு வாசகர், சென்னை

பதில்: நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். சேலம் – பெங்களூரு தடத்தில் ரயில் நிலையம் உண்டு. பெரிய வைத்தியத்துக்குத் தருமபுரி மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். அதெல்லாம் சரி, முதலில் தண்ணீரை விசாரியுங்கள்.

எங்கள் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில், பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பு அதிகம். கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த என் அண்ணனுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. கல்யாண போட்டோவில்கூட வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்கிறார். காய்ச்சிக் குடித்தால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடு கூடத்தான் செய்யும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது.

அதனால் வீட்டுக்காரர் “போர்வெல் இருக்கு சார்” என்றால் மயங்க வேண்டாம். ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். அப்புறம், தக்காளி விலை விழுந்தால் தோட்டத்துக்காரர் கூடையோடு கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்.