படம் பார்க்காத பாட்டுகள்

அன்புள்ள ஐயா,

‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ படங்களைப் பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறை பார்த்ததோடு சரி. ஆனால் ஹொவார்ட் ஷோர் அவற்றுக்கு அமைத்த பின்னணி இசையை இப்போதும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் கேட்கிறேன். “படம் இல்லாமல் அதைக் கேக்கிறது சொதி இல்லாமல் இடியப்பம் சாப்பிடுற மாதிரி. உனக்கு மேற்கத்தேய சங்கீதமும் தெரியாது, அவை பாடுற மொழியும் விளங்காது” என்கிறார் அண்ணா. என்னுடையது அரைகுறை ரசனைதானா?

த., சுன்னாகம்

அன்புள்ள த.,

இல்லவே இல்லை. மொழி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் குழுப்பாடல்களில் பெரும்பகுதி, மூலக்கதையை எழுதிய டோல்கீன் அந்தக் கதைக்காகவே உருவாக்கிய மொழிகளில் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் அது விளங்காது. எல்லோரும் உங்கள் பஸ்ஸில்தான் இருக்கிறார்கள்.

அண்ணா சொன்ன மற்ற விஷயத்துக்கு வருகிறேன். 1990இல், போர்க்காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்டோம். சுற்றுகிற கை களைத்தால் பாடகரின் குரல் இழுபட்டுக் கீழே இறங்கும். உடனே அடுத்தவர் கை மாற்ற வேண்டும். அந்தப் பாட்டுகள் வந்த படங்களில் பலவற்றை நான் வருடக்கணக்கில் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது, என் மனதில் ஓடிய காட்சியே மேல் என்று சிலவற்றில் தோன்றியது. படம் இல்லாமல் கேட்கும் ரசனையில் குறை இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள். சனத்துக்குப் பின்னால் நிற்பவருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. நாதஸ்வரத்தில் மல்லாரி எழுந்ததும் கை தானாகத் தலைக்கு மேலே போகும், சுவாமி வெளிக்கிட்டுவிட்டார் என்று. கம்பீர நாட்டை ராகத்தில், சொல்லே இல்லாத இசை. ஷோர் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான். ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி மெட்டு வைத்தார். கதையில் வரும் ரோஹன் நாட்டுக்கு நோர்வேயின் ஹார்டாங்கர் பிடில். வில் படும் தந்திகளுக்குக் கீழே வேறு தந்திகள் சித்தாரில் போலத் தாமாக அதிரும். எதிரிகளான ஐசன்கார்ட் படைக்கு ஐந்து எண்ணிக்கைத் தாளம். விரலில் எண்ணிப் பாருங்கள். தவிலில் கண்ட நடை கேட்டு வளர்ந்த நமக்கு ஐந்து என்றால் குதூகலம். அவர் அதே ஐந்தில் அச்சத்தை வைக்கிறார். நாலில் அடித்திருந்தால் சாதாரண இராணுவ அணிவகுப்பாகப் போயிருக்கும்.

என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது, கதாநாயகன் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் விட்டுவந்த ஊரான ஷயரின் மெட்டு. முதல் படத்தில் சின்ன உலோகக் குழலிலும் பிடிலிலும் சிறுபிள்ளை ஓட்டமாக வரும். மூன்றாவது படத்தில், எரிமலைச் சரிவில் எழும்ப முடியாமல் கிடக்கும் ஃப்ரோடோவிடம் சாம் ஊரைப் பற்றிப் பேசும்போது அதே மெட்டு புல்லாங்குழலில், மெதுவாக, தனியாக வரும். திரையில் ஊர் இல்லை. குழலில் இருக்கிறது. 1995இல் போரில் இடம்பெயர்ந்து, வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்கு அந்த இடத்தில் எந்தச் சங்கீத இலக்கணமும் தேவைப்படாது. நான் அதை முதலில் கேட்டபோது எங்கள் கிணற்றடியும் பக்கத்தில் நின்ற கமுகும் வந்தன. படத்தில் கிணறும் இல்லை, கமுகும் இல்லை.

இலக்கணம் படிக்க விருப்பம் என்றால் படியுங்கள், நல்லதுதான். அதுவரை ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு, அது எந்த வாத்தியத்துக்கு மாறுகிறது, எங்கே மெதுவாகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். பஸ் யாழ்ப்பாணம் வந்து சேர்வதற்குள் ஒன்றாவது பிடிபடும்.

அண்ணாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை இரவில் கரண்ட் போகும்போது விளக்கு ஏற்ற வேண்டாம். போனை விறாந்தையில் வைத்து, அந்த ஷயர் மெட்டை முதல் படத்திலிருந்து ஒருமுறை, மூன்றாவதிலிருந்து ஒருமுறை போடுங்கள். இடையில் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.