காசு கொடுத்து வரைவித்த லோகோ யாருக்குச் சொந்தம்?

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஜப்பானிய முறையில் ஷியாட்சு மசாஜ் நிலையம் தொடங்க இருக்கிறேன். பெயர் 'சகுரா ஷியாட்சு'. இங்குள்ள டிசைனர் ஒருவரிடம் முழுக் காசும் கொடுத்து லோகோ செய்வித்தேன். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு வட்டம், கீழே தூரிகை எழுத்தில் பெயர். பேச்செல்லாம் வட்ஸ்அப்பில்தான். இப்போது அதையே கொஞ்சம் மாற்றி வவுனியாவில் ஓர் அழகு நிலையத்துக்கும் கொடுத்திருக்கிறார். கேட்டால் "டிசைன் என்னுடையது" என்கிறார். பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டேன். வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் இப்போதைக்கு வழக்கு வேண்டாம், ஏனென்றால் சட்டம் அவர் பக்கம் சாய்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை முதலில் வரைந்தவருக்கே. அவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் கதை வேறு. வெளியாளிடமிருந்து உரிமை உங்களுக்கு வரவேண்டுமானால் எழுத்தில் உடன்படிக்கை இருக்கவேண்டும், இருவரும் கையொப்பமிட்டிருக்கவேண்டும். காசு கட்டிய பற்றுச்சீட்டு அதற்கு ஈடாகாது.

ஆகவே அவரிடம் இதமாகப் பேசி ஒரு பத்திரம் எழுதி வாங்குங்கள். லோகோவின் பொருளாதார உரிமைகளை, அதாவது அதை நகலெடுக்கவும் வியாபாரத்தில் பாவிக்கவும் உள்ள உரிமைகளை, உங்களுக்கு மாற்றுவதாகவும், மூலக் கோப்புகளைத் தருவதாகவும், ஒத்த வடிவத்தை வேறெவருக்கும் கொடுப்பதில்லை என்றும் அதில் இருக்கட்டும். அந்தத் தூரிகை எழுத்துரு எங்கிருந்து எடுத்தது என்றும் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பல எழுத்துருக்களை வியாபாரத்துக்குப் பாவிக்க அனுமதி இல்லை.

அதற்கு முன் சிவப்பு வட்டத்தை யோசியுங்கள். வெள்ளையில் சிவப்பு வட்டம் ஜப்பானின் தேசியக் கொடியேதான். அனுமதியில்லாமல் ஒரு நாட்டின் கொடியைப் போலச் செய்த குறியை வியாபாரக் குறியாக (டிரேட்மார்க்) பதிவு செய்ய நம் சட்டம் இடம் தராது. வட்டத்தை விட்டுவிட்டு வேறு வடிவம் வரையச் சொல்வதுதான் என் விருப்பம். வவுனியாக்காரரின் லோகோவிலிருந்து உங்களுடையது வேறுபட்டும் நிற்கும்.

பிரதேச செயலகப் பதிவு வியாபாரப் பெயருக்கு மட்டும்தான். அதை வைத்து இன்னொருவரைத் தடுக்க முடியாது. கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியவேண்டும். குறிகளைப் பொருள், சேவை வாரியாக வகுப்புகளில் பதிவார்கள். உங்கள் சேவை 44 ஆம் வகுப்பு, எண்ணெய்களையும் விற்பதானால் 3 ஆம் வகுப்பிலும் விண்ணப்பியுங்கள். முதலில் தேடுதல் செய்வியுங்கள், 'சகுரா'வை வேறு யாராவது பதிந்திருக்கக்கூடும். 'ஷியாட்சு' சேவையின் பெயர், அதை மட்டும் யாரும் தனதாக்க முடியாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டு வெளியானதும் 3 மாதங்களுக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு 10 வருடங்களுக்கு, பிறகு புதுப்பிக்கலாம்.

இன்னொன்று. ஜப்பானில் பயிற்சி பெற்றவர் உங்களிடம் இல்லையென்றால் 'அசல் ஜப்பானியச் சிகிச்சை' என்று போடாதீர்கள். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தில் குற்றம். 'ஜப்பானிய முறையில்' என்று எழுதினால் போதும்.

பெயர்ப்பலகை அடிக்கக் கொடுத்திருந்தால் உடனே நிறுத்தி வையுங்கள். அந்தப் பத்திரம் கைக்கு வந்த பிறகு அடிக்கலாம்.